முதலிடம் யாருக்கு?

இன்றைய தொழில்முறை பேஸ்பால் விளையாட்டாளர்களுள் தலைசிறந்தவர் யார்? ஒவ்வோர் ஆண்டும் போட்டிப் பருவம் முடியும்போது அமெரிக்காவில் இவ்வினா சூடான விவாதமாகிறது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் தரவரிசைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை, எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தோம் என்பதைக் கூறாத பட்டியல் நம்பத்தக்கதன்று.

2025ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க விளையாட்டாளர் விருதை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜும் சியாட்டில் மரினர்ஸ் அணியின் கால் ரேலியும் அவ்விருதுக்கான போட்டியில் முன்னணியில் இருந்தனர். அப்பருவத்தில் ரேலி 60 'ஹோம் ரன்'களை அடித்தார். ஜட்ஜ் 53 அடித்தார். ஆனால், மட்டையடிச் சராசரியில் ஜட்ஜ் .331 பெற்றார்; ரேலி .247 மட்டுமே பெற்றார். வாக்களித்த 30 செய்தியாளர்களுள் 17 பேர் ஜட்ஜுக்கும் 13 பேர் ரேலிக்கும் முதலிடம் அளித்தனர். விருது ஜட்ஜுக்குச் சென்றது.

ஒரே பருவத்தைக் கண்ட வல்லுநர்கள் ஏன் இரு பிரிவாயினர்? ரேலி ஒரு 'கேட்சர்'. மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து, ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளைப் பிடிப்பது அவரது பணி. அடுத்த பந்தை எப்படி வீசலாம் என்று பந்தெறிபவருக்குக் குறிப்பும் தருகிறார். இவ்வுழைப்பு மட்டையடிப் புள்ளிவிவரங்களில் இடம்பெறுவதில்லை. சிலர் அதற்கு அதிக மதிப்பளித்தனர். சிலர் மட்டைத்திறனையே பெரிதாகக் கருதினர்.

"எண்கள் இருக்கும்போது விவாதம் எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். ஒரு விளையாட்டாளர் தம் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாக ஈட்டித் தந்தார் என்பதை மதிப்பிடும் 'வார்' என்ற கணக்கீட்டையும் அவர்கள் சுட்டிக்காட்டலாம். அது பயனுள்ளதே. இருப்பினும், அதைக் கணக்கிடும் இரண்டு முன்னணி இணையத்தளங்கள் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. கேட்சர் பந்தைப் பிடித்துக் காட்டும் நுட்பத்தை ஒன்று சேர்த்துக்கொள்கிறது, மற்றொன்று சேர்ப்பதில்லை. எண்கள் பொய்யுரைப்பதில்லை, ஆனால் எவற்றை எண்ணுவது என்று முடிவு செய்பவர்கள் மனிதர்களே.

ஜப்பானைச் சேர்ந்த ஷோஹேய் ஒட்டானி இவ்விவாதத்தை மேலும் சிக்கலாக்குகிறார். அவர் பந்தெறிவதிலும் மட்டையடிப்பதிலும் வல்லவர். ஒரே பணியைச் செய்பவருடன் அவரை எவ்வாறு ஒப்பிடுவது?

தரவரிசையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. நல்ல தரவரிசை, நாம் கவனிக்கத் தவறிய திறனையும் கவனிக்க வைக்கும். ஆனால், அளவுகோல் முதலில் வர வேண்டும். பெயர்கள் பிறகு வர வேண்டும். நமக்குப் பிடித்தவரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கேற்ற அளவுகோலைத் தேடுவது நேர்மையாகாது. நம் பள்ளியில் சிறந்த விளையாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்நெறி பொருந்தும். கோல் அடித்தவரை எல்லாரும் அறிவர். கோல் விழாமல் காத்தவரையும் நாம் கணக்கில் சேர்த்தோமா?