அடுத்த காணொளி வருவதற்குள்

தோழர்களே! பனியன் கம்பெனித் தொழிலாளர்களே! செக்கிங்கில் கால்கடுக்க நிற்கும் சகோதரிகளே!

2023 மார்ச் மாதத்தை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உண்மையைச் சொன்னார்: ஒன்றில் மோதிக்கொண்டவர்கள் பீகார் தொழிலாளர்களிலேயே இரு கோஷ்டியினர், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை. அடிதடி நிஜம், மேலே ஒட்டிய கதைதான் பொய். கண்ணால் பார்த்ததாலேயே எத்தனையோ பேர் நம்பிவிட்டார்கள். மறுப்பு வந்து சேர்வதற்குள், ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களோடு உயிருக்குப் பயந்தவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். நம் பக்கத்து மெஷினில் தைத்தவர்கள் அவர்கள்!

2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் நடந்தது இதைவிடக் கொடுமை. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு சென்னை மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய குழந்தைக் கடத்தல் வதந்தி அந்தக் கைகளை முன்பே ஓங்க வைத்திருந்தது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுக்கள் ஐந்து போதாதா, ஊரைக் கொளுத்த?

தமிழ்த் தொழிலாளியும் இந்தி பேசும் தொழிலாளியும் ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சினால், பீஸ் ரேட் பேசும்போது நாம் தனித்தனியாகத்தான் நிற்போம். அதில் யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே தோழர்களே, இரட்டை அம்புக்குறியோடு ஒரு காணொளி வந்தால் விரலை நிறுத்துங்கள். அது பல கை மாறி வந்தது. கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது? வண்டி எண் எந்த மாநிலம்? ஒரு காட்சியைப் படமெடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். பிடிபடவில்லையா? காணொளியில் சொல்லப்படும் பகுதியில் இருக்கும் தோழருக்குப் போன் போடுங்கள். அவர் பதில் சொல்லும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள், அண்ணன் அனுப்பியதானாலும் சரி, சங்கத் தலைவர் அனுப்பியதானாலும் சரி!

இன்று ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வாருங்கள். இப்படி வரும் காணொளிகளைப் பற்றிப் போன் போட்டுக் கேட்க கம்பெனிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவருக்குக் கட்டாயம் இந்தி தெரிந்திருக்க வேண்டும். பெயரும் நம்பரும் கொடுத்துவிட்டுப் போங்கள். இரவோடு இரவாக எல்லா லைனுக்கும் அந்த நம்பர்கள் போய்ச் சேர வேண்டும்.