குக்கருக்கும் கேஸ்கட், காருக்கும் கேஸ்கட்

சென்ற இதழில் வெங்காய வடகம் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கார் ரேடியேட்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மாமியார், "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றார். இருக்கட்டும். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் காருக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தவள் நான்தானே!

எங்கள் கார் இருபது வயதைத் தாண்டியது. ஞாயிறு காலை அவர் வாசலில் நின்று, "ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்பார். நானும் போர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கேஸ் சிலிண்டர் ஐந்து நாள் முன்னதாகத் தீர்ந்தால் டியூபை முகர்ந்து பார்க்கிறவள், வாரம் ஒரு சொம்பு தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில் சேலத்திலிருந்து நாத்தனாரையும் அவள் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு தருமபுரி திரும்பினோம். தொப்பூர் கணவாய் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சேலம் பக்கமிருந்து வந்தால் நல்ல ஏற்றம். உச்சி வெயில், ஏ.சி. ஓடுகிறது, முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்து போகிறது. பாதி ஏற்றத்தில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. ஓரமாக நிறுத்தினோம். பானெட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி. அவர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். பக்கத்தில் லாரியை நிறுத்தி டயரைத் தட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்து, "ஐயோ சார், கைய எடுங்க! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்தினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

முக்கால் மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் ஆறியபின் அந்தப் பெரியவரே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினார். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிந்து போகுமாம். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இது புரியும்.

ஊர் வந்து ஒரு பட்டறையில் காட்டினோம். காரைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "ஹெட் கேஸ்கட் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். அவர் முகம் வாடிவிட்டது. பெண்ணின் காலேஜ் பீஸ் கட்டுகிற மாதம் வேறு. எதற்கும் இன்னொருவரைக் கேட்போம் என்று, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வயதான மெக்கானிக் அண்ணாவிடம் போனோம்.

அவர்தான் எனக்குப் பாடம் நடத்தினார். "ஏம்மா, குக்கர் வெச்சிருக்கீங்கல்ல? இதுவும் அதேதான்" என்றார். ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. பல கார்களில் அவை உள்ளே சுமார் ஒரு கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கின்றன. நம் குக்கர் வெயிட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விட, உள்ளே இருப்பது அத்தனையும் ஆவியாக முகத்தில் அடிக்கும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்போமா?

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அடையாளம் தெரியும் என்றார். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து, ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் குழைவாக ஒட்டியிருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வரலாம். (இதை மெக்கானிக் செய்யட்டும், நாம் வேண்டாம்.) எங்கள் காரில் மூன்றுமே இல்லை. பிறகு சைக்கிள் பம்பு மாதிரி மீட்டர் வைத்த ஒன்றை ரேடியேட்டர் வாயில் பொருத்திக் காற்றை அடித்தார். முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினால், வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து காய்ந்துபோன வெள்ளைக் கோடு. பம்பின் உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் கசியுமாம். சொட்டு சூடான எஞ்சின் மேலேயே விழுந்து காய்ந்துவிட்டதால் எங்கள் வாசலில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. புதுப் பம்பு, புது மூடி, ஒரு ஹோஸ், கூலன்ட். முதல் பட்டறை சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

போர் தண்ணீருக்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். தருமபுரிப் பெண்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு பயத்தினால்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. கூலன்ட் பனி விழுகிற ஊருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். துருப் பிடிக்காமல் காப்பதும் அதுதானாம். கலவையாகவே வருகிற கூலன்டை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பேட்டரித் தண்ணீரோடு கலக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் காரிலும் தண்ணீர் குறைகிறதா? ராத்திரி காருக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுக்கென்று கறை இருந்தால் கூலன்ட். நிறமே இல்லாத வெறும் தண்ணீர், அதுவும் ஏ.சி. போட்ட பிறகு மட்டும் என்றால் பயமில்லை. பிளாஸ்டிக் டேங்க் நிறைந்திருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். மூடி கெட்டால் டேங்க்கில் இருப்பது ரேடியேட்டருக்குத் திரும்பாது. இது நிறைந்து, அது காய்ந்து கிடக்கும்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. மீந்த கூலன்டை எங்கள் வீட்டில் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார்கள். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பல கூலன்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும். பார்க்க ஷர்பத் போலிருக்கும். கொஞ்சம் குடித்தாலே குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும். முதலில் தள்ளாடுவது, வாந்தி என்று தொடங்கும். சில மணி நேரம் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி இல்லையென்றால் 108. ஆவி பட்டு வெந்துவிட்டாலோ, மஞ்சளும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொம்பு கேட்பதில்லை. டேங்க்கில் கூலன்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, நானே பார்த்து, பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் குறித்துவிடுகிறேன். இரண்டு மாதமாகக் கோடு இறங்கவில்லை. மாமியார்தான் நேற்று, "இந்த வாரம் பாத்தியா?" என்று ஞாபகப்படுத்தினார்.