இடம் மாறும் படங்கள்

இரங்கல் செய்தியில் இருந்த பெரியவரின் படம், நான்கு வரி தள்ளிப் போய்க் கல்யாண வாழ்த்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? மும்பை செம்பூரை ஒட்டிய திலக் நகர் போன்ற இடத்தில் இதற்குப் பதில் தேவையில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். காலையில் செய்திமடல் வீட்டுக்கு வரும். மாலைக்குள் செயலாளர் வீட்டு அழைப்பு மணி அடிக்கும்.

இப்போது இங்கே படத்துக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியமான மஹாடாவின் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழும்பும் பகுதி இது. இப்படிப்பட்ட இடத்தில் சொசைட்டி சுற்றறிக்கையில் வரும் வீட்டு வரைபடத்தை உறுப்பினர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ‘ஏ’ விங்கின் வரைபடம் ‘பி’ விங் பட்டியலின் கீழே போய் நின்றால், பொதுக்குழுவில் அதைப் பிழை என்று யாரும் நம்பமாட்டார்கள். சதி என்பார்கள்.

கைகளால் அச்சுக் கோத்த நாளில் இந்தத் தொல்லை இல்லை. ஈய எழுத்தையும் படத்தின் பிளாக்கையும் ஒரே இரும்புச் சட்டத்துக்குள் வைத்து முடுக்கிவிட்டால், யானை வந்தாலும் அசையாது. 1985ல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் வந்த பிறகுதான், எழுத்து தண்ணீர் மாதிரி ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு ஓட ஆரம்பித்தது. மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே இருப்பதெல்லாம் நகரும். படம் மட்டும் நகரலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் படத்தை வைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம்.

சில படங்கள் பக்கத்துக்குச் சொந்தம். மடலின் பெயர்ப்பட்டை, சங்கச் சின்னம், கடை விளம்பரம் இவையெல்லாம் அந்த ரகம். எழுத்து எப்படி ஓடினாலும் இவை அசையக் கூடாது. வேறு சில படங்கள் வாக்கியத்துக்குச் சொந்தம். மறைந்தவரின் முகம், விங்கின் வரைபடம், பரிசு பெற்ற பெண்ணின் போட்டோ ஆகியவை செய்தி போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். பேஜ்மேக்கரிலேயே இதற்கு வழி இருந்தது: எழுத்துக்கு நடுவே கர்சரை நிறுத்திப் படத்தைக் கொண்டுவந்தால் அது வரியோடு ஒட்டிக்கொள்ளும், அம்புக்குறிக் கருவியோடு கொண்டுவந்தால் தனித்து நிற்கும். 1999ல் வந்த இன்டிசைனிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

பெரும்பாலான சங்கங்கள் பயன்படுத்துவது என்னவோ வேர்டுதான். அதில் வரியை விட்டு விலகி மிதக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நங்கூரம் உண்டு. அந்த நங்கூரம் ஏதாவது ஒரு பாராவில்தான் இறங்கியிருக்கும். அந்தப் பாராவை அழித்தால் படமும் போய்விடும்! பாரா அடுத்த பக்கத்துக்குப் போனால் படமும் பின்னாலேயே போகும். நங்கூரத்தைப் பூட்டிவிட்டால் படம் அசையாது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பூட்டு, நங்கூரம் வேறு பாராவுக்குத் தாவாமல் காக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் நிலையாக நிற்க வேண்டிய படத்துக்கு இடத்தைத் தாளின் ஓரத்திலிருந்து அளந்து கொடுத்து, எழுத்தோடு நகரும் விருப்பத்தை நீக்க வேண்டும். அதன் நங்கூரம் அந்தப் பக்கத்தின் முதல் பாராவில் இருப்பது நல்லது.

முகப்படங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. படம் மேல் கட்டத்தில், பெயர் கீழ்க் கட்டத்தில் என்று இரண்டு கட்ட அட்டவணை போட்டு, மேல் வரிசையை அடுத்த வரிசையோடு சேர்ந்திருக்கச் செய்துவிட்டால் முகமும் பெயரும் பிரியாது. கோடுகளை மறைத்துவிடலாம். வரியில் ஒட்டிய படம் கீற்றாக மட்டும் தெரிகிறதா? வரி இடைவெளியை யாரோ குறிப்பிட்ட அளவில் இறுக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தளர்த்தினால் முழுப் படமும் வெளியே வரும்.

தமிழ்ப் பத்திகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. பழைய சாஃப்ட்வேருக்குத் தமிழ்ச் சொல்லை எங்கே உடைப்பது என்று தெரியாது. குறுகிய பத்தியில் இடம் போதாவிட்டால் முழுச் சொல்லையும் அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். எழுத்துருவை மாற்றினால் கேட்கவே வேண்டாம். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்குக் கொண்டுவரும்போது வரிகளின் எண்ணிக்கையே மாறிவிடும். எனவே எழுத்து, திருத்தம், எழுத்துரு எல்லாம் முடிந்த பிறகே படத்தில் கை வைப்பது உத்தமம். ஆனால் செயற்குழுவில் யாராவது ஒருவர் கடைசி நிமிடத்தில் ‘நன்றி’ என்று ஒரு பாராவை நீட்டாமல் விடுவதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சரியாக நின்ற பக்கம் அச்சகத்தில் கலைவதற்கும் காரணம் இதுவே. அங்கே அதே எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் நகரும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால் பக்கம் அப்படியே உறைந்துவிடும். அதன் பிறகு ‘நன்றி’ பாரா வந்தால், மூலக் கோப்பைத் திறந்து, திருத்தி, மறுபடி பி.டி.எஃப். எடுத்து, ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் விரல் வைத்துப் பெயரை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டியதுதான். படிப்பவர் அந்த மடலைத் தயாரித்தவராக இருக்கக் கூடாது.