சோதித்த பிறகு மாற்றுவோம்

காரின் பின்னிருக்கைக்கு அடியில் ரீங்காரம் கேட்டால், உடனே "பெட்ரோல் பம்பை மாற்றுங்கள்" என்கிறார்கள். தம்போயில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சோதிக்காமல் சொல்வது வெறும் ஊகம் என்பேன்.

சாவியைத் திருகியதும் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ஓசை வருவது இயல்பு. பம்ப் அழுத்தத்தை ஏற்றுகிறது. ஓயாமல் இரைந்தால்தான் கவனிக்க வேண்டும். பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. அது குறைந்தாலும் இரையும், வடிகட்டி அடைத்தாலும் இரையும். ஆகவே முதலில் பெட்ரோல் நிரப்பிக் கேளுங்கள். பிறகு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

2020இல் டொயோத்தா உலகெங்கும் பல கார்களைத் திரும்ப அழைத்தது. பம்பினுள் இருந்த பிளாஸ்டிக் சுழலி பெட்ரோலில் ஊறி உப்பியதே கோளாறு. அதுவும் சோதனையில் தெரிந்ததுதான்.

திவெட் பயிலும் மாணவர்களே, பாகத்தை மாற்றப் பலருக்கும் தெரியும். காரணத்தைக் கண்டறிபவரையே வாடிக்கையாளர் தேடி வருவார்.