தவறி விழுந்தாளா, தள்ளினார்களா?

பெண் காணாமல் போய்விட்டாள் என்று முதலாளியே புகார் கொடுத்தான். சர்க்கார் சிப்பந்தி அதை வாங்கி வைத்துக்கொண்டான். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு, தோழர்களே!

உத்தரகண்ட் மாநிலத்தில் ரிஷிகேசத்துக்கு அருகே வனந்தரா என்றொரு சொகுசு விடுதி. பௌரி மலைக் கிராமத்து ஏழைப் பெண் அங்கிதா பண்டாரி, வயது 19, அங்கே வரவேற்பு மேஜை வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2022 செப்டம்பர் 18 இரவு மறைந்தாள். 24-ம் தேதி சில்லா கால்வாயில் சடலம் கிடைத்தது. மூழ்கிச் செத்தாள் என்றது பிரேதப் பரிசோதனை. தள்ளிவிடப்பட்டவளும் மூழ்கித்தானே சாவாள்? பெரிய மனிதர்களுக்கு "விசேஷ சேவை" செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று நண்பனுக்குக் கைபேசியில் எழுதியிருந்தாள். அந்த எழுத்து மட்டும் இல்லாவிட்டால் விபத்து என்றோ, தற்கொலை என்றோ கதை கட்டியிருப்பார்கள்.

முதலாளி புல்கித் ஆர்யாவின் தகப்பனார் அப்போது பா.ஜ.க. பிரமுகர். ஊர் கொதித்த பிறகுதான் கட்சி அவரை நீக்கியது.

முதல் சில நாட்கள் விசாரணை யார் கையில் இருந்தது? போலீசிடம் அல்ல, பட்வாரியிடம்! அந்த மலைப் பகுதிகளில் அப்போது நிலவரிக் கணக்குப் பார்ப்பவனே போலீசாகவும் இருந்தான். நம்மூர் மணியக்காரரிடம் கொலை வழக்கைக் கொடுத்தது போல. வெள்ளைக்காரன் வைத்துப் போன ஏற்பாடு இது. ஆறு மாதத்தில் ஒழியுங்கள் என்று 2018-ல் நைனிடால் ஹைகோர்ட் உத்தரவிட்டது. அதுவரை சர்க்கார் ஒழித்திருக்கவில்லை. வழக்கு 22-ம் தேதி போலீசுக்கு மாறியது, மறுநாளே கைது! பட்வாரி சஸ்பெண்ட் ஆனான்.

23-ம் தேதி இரவு விடுதியின் ஒரு பகுதியை புல்டோசர் இடித்தது. சிலர் கைதட்டினார்கள். நாம் கைதட்டவில்லை. கொலை விசாரணை நடக்கும் கட்டிடத்தை ராவோடு ராவாக இடித்தால் லாபம் யாருக்கு? தடயம் அழிந்தது என்று குடும்பத்தார் குமுறினார்கள். முன்பே எடுத்துவிட்டோம் என்றது போலீஸ். பரிசோதனை அறிக்கை முழுதாக வேண்டும் என்று சடலத்தை எரிக்க மறுத்து நின்றார்கள். ஜனங்கள் சாலையை மறித்தார்கள். அந்தப் பிடிவாதமே வழக்கை உயிரோடு வைத்தது என்பது நம் அபிப்பிராயம்.

2025 மே 30-ல் கோட்த்வார் கோர்ட் முதலாளிக்கும் அவனுடைய இரண்டு சிப்பந்திகளுக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. சரி, அந்தச் சேவை கேட்ட பெரிய மனிதன் யார்? தீர்ப்புக்குப் பிறகும் உத்தரகண்ட் மக்கள் இதைக் கேட்டார்கள்.

ஜலகண்டாபுரத்துத் தறி வீடுகளிலிருந்தும் சுற்றுப்பட்டிக் கூலி வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் மில் விடுதிக்கும் ஓட்டலுக்கும் போகிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்கக் கமிட்டி வேண்டும் என்கிறது 2013-ம் வருஷத்துச் சட்டம். அதற்குக் குறைவென்றால் ஜில்லாக் கமிட்டியிடம் போகலாம். கமிட்டி அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி முதலாளி ஒட்டிவைக்க வேண்டும். உங்கள் மில் பலகையில் அது இருக்கிறதா? இந்த வாரச் சம்பள நாளில் பார்த்து எழுதுங்கள்.