கைப்பேசியில் கற்கலாம், கை பழக வேண்டாமா?

என் அக்காள் மகள் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் வேலையில் ஐந்து வருடம் இருந்தாள். விடியற்காலையில் வேன் வரும். இருட்டிய பிறகு கொண்டு வந்து விடும். இடுப்பு வலி தாளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். வீட்டில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலக்கடலை, இரண்டு கறவை மாடு, ஏழெட்டு வெள்ளாடு. சும்மா இருக்க முடியுமா? நாய், பூனைகளைக் குளிப்பாட்டி, சீவி, நகம் வெட்டி, முடி திருத்தும் தொழிலை இணையவழியில் கற்கப் போகிறேன் என்றாள். கட்டணத்துக்கு அக்காள் தன் கம்மலை அடகு வைத்தாள். ஊரில் சிரித்தார்கள். “நாய்க்குத் தலை வாரவா ஒரு படிப்பு?” என்று நானும்தான் சிரித்தேன். சிரித்தது தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவள் கற்ற முறையும் சரியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சில வாரங்களில் அழகான சான்றிதழ் ஒன்று கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. முதல் வேலை வேலூரில் ஒரு வீட்டில், பொமரேனியன் நாய். சீவுவது வரை சரியாகப் போயிற்று. நகம் வெட்டும்போது ஆழமாகப் போய்விட்டது. ரத்தம் வந்தது, நாய் அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. கூலியும் இல்லை, ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு நடந்ததுதான் மிச்சம்.

“அந்தப் பாடத்தை நாலு தடவை பார்த்தேன் மாமா. படத்தில் வந்த நாய்க்கு நகம் வெள்ளை. இதுக்குக் கறுப்பு” என்றாள்.

விஷயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நகத்துக்குள் ரத்த நாளமும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அங்கே நெல்மணி அளவுக்கும் குறைவாக, துளித் துளியாக நறுக்கி, வெட்டிய முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். நடுவில் ஈரமான கறுப்புப் புள்ளி தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். இதைச் சொல்லித் தரும் காணொளிகளும் இருக்கலாம். ஆனால் கால் உதறும் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்வதற்கு, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்று “போதும், நிறுத்து” என்று சொல்ல வேண்டும். பயிற்சி நிலையத்தாரைக் கேட்டதற்கு, அதே பாடத்தை மறுபடி பார்க்கச் சொன்னார்களாம்.

குற்றம் கைப்பேசியின் மேல் இல்லை. தூரத்திலிருந்து கற்பது நமக்குப் புதிதும் அல்ல. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத்தான் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 ரகத்தைப் பரவலாக நட்டார்கள். அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கோழி, ஆடு, காளான் என்று எத்தனையோ பயிற்சிகள் கைப்பேசி வழியாக நடந்தன. பலர் பயன் பெற்றார்கள். ஆனால் வானொலியைக் கேட்ட தஞ்சை விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது, நாற்று விடத் தெரிந்த கை இருந்தது, சந்தேகம் கேட்கக் கிராம சேவகர் இருந்தார். வானொலி சேதியை மட்டும் கொண்டு வந்தது. கை ஏற்கெனவே பழகியிருந்தது. என் அக்காள் மகளுக்கோ சேதியும் சான்றிதழும் கிடைத்தன, நாய் மட்டும் கிடைக்கவில்லை.

படத்தில் கற்க வேண்டியதைப் படத்தில் கற்கலாம், தடையில்லை. எந்தச் சீப்பு எந்த ரோமத்துக்கு, எதை முதலில் செய்வது, சொறிக்கும் படர்தாமரைக்கும் தோற்றத்தில் என்ன வித்தியாசம் இவையெல்லாம் கைப்பேசியில் நன்றாகவே விளங்கும்; விளங்காவிட்டால் திருப்பிப் பார்க்கலாம். நாய் உறுமுவதற்கு முன்பே அதன் உடம்பு விறைக்கும், மூச்சு ஒரு கணம் நிற்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். இதைப் படத்தில் காட்டலாம். ஆனால் விறைப்பை உணர வேண்டியது கை. காது அழுகத் தொடங்கினால் வரும் நாற்றத்தை எந்தக் காணொளியும் காட்டாது.

இந்தக் கை நம் விவசாய வீடுகளில் பாதி பழகியே இருக்கிறது. இதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. மாட்டை வைக்கோல் பிரியால் தேய்த்து, காதுக்குள்ளும் வாலடியிலும் மடிக்குப் பக்கத்திலும் உண்ணி தேடிப் பிடுங்கும் பெண், பட்டணத்தில் பிறந்து நாயைப் படத்தில் மட்டும் பார்த்தவளைவிட முன்னேதான் நிற்கிறாள். முரண்டு பிடிக்கும் கிடாயைத் தொடையிடுக்கில் பிடித்துக் குளம்பு சீவத் தெரிந்தவளுக்கு, அஞ்சும் பிராணியை அடிக்காமல் அடக்கும் வழி தெரியும். ஆகவே பணம் கட்டுமுன் சொந்தக் கொட்டகையில் மூன்று மாதம் தினமும் அரைமணி நேரம் பழகிப் பாருங்கள் என்பேன். அந்த அரைமணி வீணாகாது. தினமும் கை படும் மாட்டில் தோல் கழலை நோயின் கட்டி முதல் நாளே விரலுக்குத் தட்டுப்படும்.

தோல் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடும் சாலைக்கு வரும் தோலைச் சுண்ணாம்பில் ஊற வைத்து மயிர் நீக்கிய பிறகே உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், அம்மைத் தழும்பு, சூடு போட்ட வடு எல்லாம் வெளியே வரும். உயிரோடு இருந்தபோது மாட்டுக்கு நேர்ந்த அலட்சியம் முழுவதும் தோலில் எழுதியிருக்கும். மாட்டையும் ஆட்டையும் உயிரோடு விற்றுவிடும் நமக்கு அந்த நஷ்டம் நேராகத் தெரிவதில்லை. ஆனால் உண்ணி குடிக்கும் ரத்தம் பாலில் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். சீவுவதும் தேய்ப்பதும் பணக்காரர் வீட்டு நாய்க்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி தொழிலைப் பற்றி.

நாட்டு நாய்க்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் இனங்களுக்கும் கத்தரிக்கோல் வேலையே கிடையாது. குட்டை ரோமம், ரப்பர் சீப்பால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். பொமரேனியன் போன்றவற்றுக்கு மேலே நீள ரோமமும் அடியில் பஞ்சு போன்ற ரோமமும் இரண்டு அடுக்காக இருக்கும். வேலூர் வெயில் தாங்காது என்று வைகாசியில் ஒட்டச் சிரைக்கச் சொல்லுவார்கள். சிரைக்கக் கூடாது. அந்த அடுக்குதான் வெயிலையும் தடுக்கிறது. சிரைத்தால் பழையபடி முளைக்காமலே போவதும் உண்டு. உதிர்ந்து கிடக்கும் அடிரோமத்தைச் சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும். வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகச் செய்துவிட்டு நாய் புண்பட்டால் பழி யாருக்கு?

மனிதர் சோப்பை நாய்க்குப் போடக் கூடாது. நம் தோல் சற்றுப் புளிப்புத் தன்மையுள்ளது, நாயின் தோல் அப்படியல்ல. நம் சோப்பு அதை வறட்டி அரிப்பு உண்டாக்கும். வாரந்தோறும் குளிப்பாட்டுவதும் தேவையில்லை. பாலாற்றில் மணலைத் தோண்டினாலும் தண்ணீர் கிடைக்காத ஊரில், முதலில் நன்றாகச் சீவிவிட்டுப் பிறகு குளிப்பாட்டினால் பாதித் தண்ணீரில் வேலை முடியும். சிக்கோடு நனைத்தால் சிக்கு இறுகிவிடும். பிறகு காயவைக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சூடான காற்றை அடித்துக்கொண்டு கூண்டில் அடைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. மூக்குச் சப்பையான பக் போன்ற நாய் அப்படிச் செத்தே போகும். சூடில்லாத காற்றும் துண்டும் போதும்.

உண்ணியை விரலால் நசுக்குவது, ஊதுபத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் நம் பழக்கங்கள். மூன்றையும் விட வேண்டும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். விரலிடுக்கு, காது, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் படுக்கையிலும் இருப்பது அதிகம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்காமல் நாயை மட்டும் குளிப்பாட்டினால் பத்தே நாளில் பழைய கதைதான். இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்பவளை அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள்.

பூனை வேறு விதம். ஆம்பூர், மேல்விஷாரம் தெருக்களில் நாயை வாசல் தாண்ட விடாத வீடுகளில்கூடப் பூனைக்கு உள்ளே இடம் உண்டு. அந்த வீடுகளுக்குள் சென்று வேலை செய்யப் பெண்ணால்தான் எளிதாக முடியும். நம் பெண்களுக்கு உண்மையான வாய்ப்பு இருப்பது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்த மீதியைப் பூனை மேல் தெளித்தால் அது இழுத்து இழுத்துச் சாகும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகைகளைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. தவிர, பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். மேலே தடவுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நாய்க்கென்று விற்கும் மருந்தையும் பூனைக்குப் போடக் கூடாது. பாரசீகப் பூனையின் ரோமம் சடை பிடித்தால் கத்தரிக்கோலை நுழைக்காதீர்கள். பூனைத் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து எழும்பி வரும். ஒரு வெட்டில் கிழிந்துவிடும். தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பைக் கொடுத்து நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். முடியாதென்றால் கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவிடலாம்.

அனுப்புவதில் வெட்கம் வேண்டாம். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். முரட்டு நாயை அடக்க மயக்க மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து எழுதுவது இதெல்லாம் சீவுகிறவர் வேலை இல்லை. இதை முதல் பாடத்திலேயே சொல்லாத பயிற்சியைச் சந்தேகியுங்கள்.

உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்றிருக்கிறது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பே இல்லை. நாய், பூனை தொடும் தொழிலுக்கு வருகிறவர்கள் கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், மருத்துவரைக் கேளுங்கள். கடியோ நகக் கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பே ஊசி போட்டவரும் போகத்தான் வேண்டும். தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயைத் தொடுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும்.

கிராமத்தில் இந்தத் தொழில் ஓடுமா என்றால், ஓடாது என்றே சொல்வேன். பேரணாம்பட்டுப் பக்கத்துக் குக்கிராமத்தில் கடை போட்டு உட்கார்ந்தால் ஈதான் மொய்க்கும். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் நகரங்களில் வீடு வீடாகப் பையோடு போனால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை கிடைக்கக் கூடும். மற்ற நாட்களுக்கு மாடும் ஆடும் இருக்கட்டும். மாட்டை விற்று இயந்திரங்கள் வாங்குகிறேன் என்று கிளம்பியவர்களை நான் தடுத்திருக்கிறேன். இரண்டு வகைச் சீப்பு, ஒரு நகவெட்டி, ஒரு இடுக்கி, ரத்தத்தை நிறுத்தும் பொடி, தடித்த துண்டு இரண்டு. தொடங்க இவை போதும்.

பணம் கட்டுமுன் பயிற்சி நடத்துகிறவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: “உயிருள்ள நாய், பூனைகள் மேல் எத்தனை நாள் கை வைத்துப் பழகவிடுவீர்கள், எந்த ஊரில், யார் பக்கத்தில் நிற்பார்?” பதில் சுற்றி வளைத்து வந்தால் கம்மலைக் காதிலேயே விட்டுவிடுங்கள். வேலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஆடு, மாடு, கோழிக்குப் பயிற்சி கேட்டுப் போகும்போது இதையும் கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால்தான் அவர்களும் யோசிப்பார்கள். என் அக்காள் மகள் இப்போது மருத்துவர் அனுமதியோடு கால்நடை ஆஸ்பத்திரியில் காலை வேளையில் நாய் பிடித்துக் கொடுக்கிறாள். கூலி இல்லை. கறுப்பு நகம் வெட்ட அங்கேதான் கற்றாள்.