ஊரைக் கேட்டு ஊரமைத்தல்

மும்பையில் மாகிமுக்கும் சயானுக்கும் இடையே தாராவி அமைந்துள்ளது. உங்களுள் சிலருடைய தாத்தாவோ அத்தையோ அங்கு வாழ்ந்திருக்கக்கூடும். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் பலர் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். மீன்பிடித்து வாழ்ந்த கோலி மக்களுக்கும், குஜராத்திலிருந்து வந்து கும்பார்வாடாவில் குடியேறிய குயவர்களுக்கும் அதுவே ஊர். சதுப்பு நிலத்தை மேடாக்கி, குடியிருக்கத் தக்கதாகச் செய்தவர்கள் இம்மக்களே. ஆயினும், ஏட்டின்படி அந்நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கும் அரசுக்கும் உரியது.

2004ஆம் ஆண்டில் மாநில அரசு தாராவி முழுமையையும் மாற்றியமைக்கும் திட்டத்திற்கு இசைவளித்தது. குடிசைப் பகுதிகளை மாற்றியமைக்கும்போது, குடியிருப்போருள் 70 விழுக்காட்டினர் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பொதுவிதி. தாராவிக்கு அவ்விதி பொருந்தாது என்றனர். நிலமும் அரசுடையது, திட்டமும் அரசுடையது. ஆகவே ஒவ்வொருவரையும் கேட்க வேண்டியதில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். என் கருத்தில் இக்காரணம் தலைகீழானது. தனியார் நிலமென்றால் உரியவர் ஒருவரைக் கேட்டால் போதும். பொது நிலத்திற்கு உரியவர் பொதுமக்கள். அரசு அவர்கள் சார்பில் அதனைக் காத்து நிற்கிறது. கேட்க வேண்டிய கடமை அங்கேதான் மிகுதி.

கேளாமல் வரையும் வரைபடத்தில் எவை விடுபடும் என்பதைக் கும்பார்வாடாவில் காணலாம். குயவரின் வீட்டிலிருந்து அவருடைய தொழிலைப் பிரிக்க இயலாது. வீட்டின் முன்னே மண் குழைக்கவும் பானைகளை உலர்த்தவும் வெட்டவெளி வேண்டும். அருகிலேயே சூளை, ஒரே சூளையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அடுத்த தெருக்களில் பெண்கள் அப்பளம் இட்டு, கவிழ்த்த கூடைகளின்மேல் வெயிலில் காயவைக்கின்றனர். இக்குடும்பங்களுக்கு ஏழாம் மாடியில் வீடு கொடுத்தால் கூரை கிடைக்கும், பிழைப்பு போய்விடும். 2004ஆம் ஆண்டுத் திட்டத்தில் 225 சதுர அடியாக இருந்த வீடு பின்னர் 300 ஆயிற்று. இன்று 350 என்கின்றனர். நல்லதே. ஆனால், அளவைப் பற்றிய பேச்சில் சூளை மறைந்துபோகிறது. அதனை நினைவூட்ட வேண்டியவர் குயவர். அவரோ கூட்டத்திற்கு அழைக்கப்படவில்லை என்றால் யார் நினைவூட்டுவார்?

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பர் சிலர். பொதுக் கழிப்பறை வாசலில் நாள்தோறும் வரிசையில் நிற்பவர்களுக்குத் தாமதம் சிறிய துன்பம் அன்று. ஆகவே இவ்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. எனினும் நடந்தவற்றைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டுத் திட்டத்திற்குப் பின் ஏலங்கள் அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்டன. 2022ஆம் ஆண்டில்தான் ஒரு தனியார் குழுமத்தின் ஏலம் ஏற்கப்பட்டது. கேளாதிருந்ததால் விரைவு கிட்டிவிடவில்லை. மாறாக, 2015ஆம் ஆண்டில் மும்பை முழுமைக்குமான வளர்ச்சித் திட்ட வரைவு வெளியானபோது, மக்கள் தத்தம் தெருக்களை அதில் தேடிப் பார்த்தனர். பிழைகளைக் கண்டு பல்லாயிரக்கணக்கில் மறுப்புகளை எழுதினர். அரசு அவ்வரைவைத் திருத்தி எழுதப் பணித்தது. திருத்திய திட்டம் 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. இடையில் கழிந்தவை மூன்று ஆண்டுகளே.

கேட்பதற்கும் முறை உண்டு. செய்தித்தாளின் மூலையில் சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பை அச்சிட்டுவிட்டு, மறுப்பவர் எவரும் இலர் என்பது கேட்டதாகாது. தாராவியில் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகளைப் பேசுவோர் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்கின்றனர். அந்தந்த மொழியில் அறிவிப்பு வரவேண்டும். வரைபடத்தைப் படித்துக் காட்டவும் ஆள் வேண்டும். (பாட்டிக்கு அரசுக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.)

இன்னொரு கேள்வி கடினமானது. ஊர் மக்கள் என்போர் யாவர்? 1.1.2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்கிறது இன்றைய திட்டம். பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் தாராவிக்கு வெளியே இடம். வீடு வழங்க ஏதேனும் ஒரு வரம்பு தேவைப்படலாம். கருத்துக் கேட்க அவ்வரம்பு எதற்கு? மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, விடியற்காலையில் இட்லி அவித்துக் கூடையில் சுமந்து நகரெங்கும் விற்பவர் 2003ஆம் ஆண்டில் வந்தவராக இருக்கலாம். தாராவியிலிருந்து வெளியேற வேண்டியவர் அவரே. அக்கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவரும் அவரே.